ஸ்போர்ட்ஸ் கார் சைலன்சரை வீட்டிலேயே மாற்றலாமா?

வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 31. நான்கு வருடம் ஓடிய, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறார். 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், பின்சக்கர இழுவை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் குழாய், சைலன்சர் எல்லாவற்றையும் மாற்றும் ‘கேட்-பேக்’ கிட் ஒன்று வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். கார் டிக்கியில் வந்த ஜாக்கி, நான்கு ஹாலோ பிளாக் கற்கள், ஒரு ஸ்பேனர் செட் ஆகியவற்றை வைத்து வீட்டு ஷெட்டிலேயே வேலையை முடிக்கலாம் என்று திட்டம். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று, இரவில் ஷட்டரை இறக்கிவிட்டு வேலை பார்த்து, அங்கேயே ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டுப் பார்க்க நினைக்கிறார். ஷெட்டுக்கு மேலேயே படுக்கையறை. அவருடைய இரண்டு வயது மகள் அங்கேதான் தூங்குகிறாள்.

நண்பர் ஒருவர், “கையோடு கன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டுவிடு, 25 குதிரைசக்தி கூடும்” என்கிறார். இன்னொருவர், “பேக் பிரஷர் (புகையைப் பின்னுக்குத் தள்ளும் அழுத்தம்) போய்விட்டால் இழுவையே இருக்காது” என்று பயமுறுத்துகிறார். மனைவியோ, “எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், காருக்கு அடியில் மட்டும் படுக்காதீர்கள்” என்கிறார். வாரண்டி போய்விடுமா, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா, ஒரே நாளில் முடியுமா என்பவை அவருடைய மற்ற கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் நேரடியான பதில். முடியும். கேட்-பேக் கிட் பொருத்துவதில் வெல்டிங் இல்லை, எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து நட்டு போல்ட், குழாயைத் தொங்கவிடும் சில ரப்பர் ஹேங்கர்கள், அவ்வளவுதான். ஸ்பேனர் பிடித்துப் பழகிய, அவசரப்படாத எவரும் செய்யக்கூடிய வேலை. ஆனால் உங்கள் திட்டத்தில் மூன்று விஷயங்கள் என்னைக் கலங்க வைத்தன. ஹாலோ பிளாக், இறக்கிய ஷட்டர், கன்வெர்ட்டர். இந்த மூன்றும் மாறாமல் நீங்கள் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் பவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. சுரங்கப்பாதையில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகும்போது காரின் குரல் கேட்க வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது சத்தம். அதை ஒப்புக்கொள்வதில் கூச்சமே வேண்டாம். எஞ்சின் சத்தத்தை ரசிப்பதற்காகத்தான் பாதிப் பேர் இந்த மாதிரி கார் வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான். சத்தம்தான் நோக்கம் என்று முடிவாகிவிட்டால், நண்பர்கள் சொல்லும் பாதி ஆலோசனை தானாகவே தேவையில்லாமல் போய்விடும்.

பவர் எவ்வளவு கூடும்?

உங்கள் கார் போன்ற டர்போ இல்லாத எஞ்சினில் கேட்-பேக் மட்டும் மாற்றினால் கிடைப்பது சில குதிரைசக்திதான். காரின் பவரை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றி அளந்தால் தெரியலாம், ஓட்டும்போது உணர்வது கடினம். காரணம் எளிது. புகை வெளியேறும் வழியில் அதிகம் தடுக்கும் இடங்கள் எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டும் கன்வெர்ட்டரும்தான். நீங்கள் மாற்றப்போவது அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பகுதி. இன்றைய கார்களில் கம்பெனியே அந்தப் பகுதியை ஓரளவு தாராளமாகத்தான் செய்து அனுப்புகிறது. டர்போ எஞ்சின் என்றால் கணக்கு வேறு.

பேக் பிரஷர் பற்றி உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னது பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கை. எந்த எஞ்சினும் பின்னழுத்தத்தை விரும்புவதில்லை. எஞ்சினுக்குத் தேவை புகையின் வேகம். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகை துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்பு குழாயில் வேகமாக ஓடும்போது அதன் வாலில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு அடுத்த துடிப்பை இழுத்துக்கொள்ள உதவுகிறது. குழாயைத் தேவைக்கு மேல் அகலமாக்கினால் புகை மெதுவாகிவிடும், இந்த உதவி குறைந்துவிடும், கீழ் ஆர்பிஎம்மில் (எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது) இழுவை கொஞ்சம் சோம்பலாகும். அதைப் பார்த்துத்தான் ‘பேக் பிரஷர் போய்விட்டது’ என்கிறார்கள். உங்கள் எஞ்சினுக்கு 60 முதல் 63 மில்லிமீட்டர் குழாய் தாராளம். 76 மில்லிமீட்டர் குழாய் உங்களுக்கு வேண்டாம். உங்கள் கிட் எந்த அளவு என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கும், பாருங்கள்.

கன்வெர்ட்டரைத் தொடாதீர்கள்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரியான ஒரு கட்டமைப்பு இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடான பிறகு அது சரியாக வேலை செய்யத் தொடங்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் மாற்றுகிறது. அதைக் கழற்றினால் இந்த விஷங்கள் அப்படியே வெளியே வரும். சிக்னலில் நிற்கும்போது உங்கள் காருக்குள்ளேயே நாற்றம் அடிக்கும். பின் இருக்கையில் உட்காரப்போவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நண்பர் சொல்லும் 25 குதிரைசக்தி உங்கள் எஞ்சினில் கன்வெர்ட்டரை எடுப்பதால் மட்டும் வராது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கின்றன. பின்னால் இருக்கும் சென்சாரின் வேலையே கன்வெர்ட்டர் உழைக்கிறதா என்று கண்காணிப்பது. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் செக் எஞ்சின் விளக்கு எரியும், பி0420 என்ற குறியீடு வரும். அதை ஏமாற்ற, சென்சாரைத் தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் போடு, சாஃப்ட்வேரை மாற்று என்று அடுத்தடுத்துச் செலவு கிளம்பும். பல நாடுகளில் சாலையில் ஓடும் காரிலிருந்து கன்வெர்ட்டரை நீக்குவது சட்டப்படி குற்றம், ஆய்வில் கார் தேறாது. அப்புறம் சத்தம். உங்களுக்குப் பிடித்த அந்த ஆழமான குரல் கரகரவென்று உடைந்துபோகும். நீங்கள் ஆசைப்பட்டது அந்தச் சத்தத்துக்கு இல்லை.

அடியில் போவதற்கு முன்

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. ஹாலோ பிளாக் கற்களின் மேல் நிற்கும் காருக்கு அடியில் நானும் படுக்க மாட்டேன். அந்தக் கல் சுவர் கட்டுவதற்காகச் செய்தது. பரவலான எடையைத் தாங்கும், ஒரு சின்ன இரும்பு முனை ஓரிடத்தில் அழுத்தினால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். இரும்பு வளையும்போது ஓரளவாவது தெரியும், கல் உடைவது ஒரே நொடியில் நடந்து முடிந்துவிடும். டிக்கியில் வரும் ஜாக்கியும் சாலையோரத்தில் டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி விரலைக்கூடக் காருக்கு அடியில் நுழைக்கக்கூடாது.

தேவையானவை இவை: தாழ்வான கார்களுக்கென்றே வரும் சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று, எடைத்திறன் பொறித்த இரும்பு ஸ்டாண்டு நான்கு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகள் நான்கு. தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். தார்த் தரை வெயிலில் இளகும், ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கிவிடும். காரின் மூக்கு தாழ்வாக இருப்பதால் ஜாக்கி உள்ளே போகாமல் போகலாம். முன்சக்கரங்களை முதலில் ஒரு அங்குலக் கனமுள்ள பலகை மேல் ஏற்றி நிறுத்தினால் இடம் கிடைக்கும்.

பின்சக்கர இழுவைக் கார் வைத்திருப்பவர்கள் பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. கியரில் போட்டாலும் சரி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாலும் சரி, அவை பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் தரையில் இருப்பது முன்சக்கரங்கள் மட்டுமே, அவற்றைப் பிடிக்க எதுவுமே இல்லை. காரை உருளாமல் நிறுத்துபவை நீங்கள் வைக்கும் முட்டுக்கட்டைகள்தான். இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னாலும் பின்னாலும் இறுக்கமாக வைத்த பிறகே ஜாக்கியைத் தொடுங்கள்.

எங்கே தூக்குவது, ஸ்டாண்டை எங்கே வைப்பது என்று காரின் சர்வீஸ் கையேட்டில் படத்தோடு இருக்கும். மெல்லிய தகட்டில் வைத்தால் கார் கீழே சரியும், இல்லாவிட்டால் தகடு மடங்கும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகும் ஜாக்கியை எடுத்துவிடாமல் லேசாகத் தொட்டபடி விட்டுவையுங்கள். டயர்களைக் கழற்றினால் அவற்றைக் காரின் ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்கவையுங்கள். ஸ்டாண்டு தவறினாலும் டயர் தாங்கும்.

அடுத்து, குலுக்கிப் பார்ப்பது. கீழே போகப்போகிறவரே காரின் பக்கவாட்டில் நின்று, இரண்டு கையாலும் பலமாகத் தள்ளியும் இழுத்தும் பார்க்க வேண்டும். பயந்து பயந்து தொட்டுப் பார்ப்பது போதாது. நான் வேலை கற்றுக்கொண்ட நாட்களில், பட்டறை வாசலில் லேசான சரிவில் ஒரு காரைத் தூக்கி வைத்திருந்தோம். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற நீளக் குழாய் மாட்டி இழுத்த இழுப்பில் கார் பக்கவாட்டில் சரிந்து ஸ்டாண்டை விட்டு இறங்கிவிட்டது. கீழே படுத்திருந்த பையன் வேறு சாக்கெட் எடுக்க அரை நிமிடம் முன்னால்தான் வெளியே வந்திருந்தான். அவன் கையில் இருந்த சாக்கெட் தரையில் விழுந்த சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. சைலன்சர் வேலையில் இறுகிய போல்ட்டைப் பலமாக இழுக்கத்தான் வேண்டியிருக்கும். நீங்கள் அடியில் இருந்து கொடுக்கும் அந்த இழுப்பைவிடப் பலமாக முதலிலேயே குலுக்கிப் பார்த்துவிட வேண்டும்.

தனியாக இந்த வேலை செய்யாதீர்கள். கூப்பிடு தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கீழே படுத்திருக்கும்போது குழந்தை ஷெட்டுக்குள் வராதபடி கதவைச் சாத்தி வையுங்கள்.

இவ்வளவு சாமான் வாங்க மனம் வரவில்லை என்றால், தெரிந்த மெக்கானிக்கிடம் லிஃப்ட்டை அரை நாள் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். காரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, நின்றபடியே நீங்களே உங்கள் கையால் மாற்றலாம். ‘நானே செய்தேன்’ என்ற திருப்தி அதிலும் குறையாது. என் மனம் இந்த வழியைத்தான் சொல்கிறது.

ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யக்கூடாது

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கன்வெர்ட்டர் இன்னும் சூடாகியிருக்காது, அப்போதுதான் இந்த வாயு அதிகமாக வரும். நீங்கள் புதுச் சத்தத்தைக் கேட்க ஆசையாக நிற்கப்போகும் முதல் இரண்டு நிமிடமும் அதுதான். மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று இன்னும் பார்க்காத நேரமும் அதுவே.

“ஷட்டரைப் பாதி திறந்து வைத்தால் போதாதா?” என்று கேட்பீர்கள். போதாது. முழுதாகத் திறந்து வைத்தாலும் ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடக்கூடாது. வாயு உள்ளேயே தங்கும், படிக்கட்டு, கதவு இடுக்கு, ஒயர் போகும் துளை வழியாக மேலே ஏறும். மேலே தூங்குகிற குழந்தைக்கு எதுவும் தெரியாது. வேலை முடிந்ததும் காரைத் தரையில் இறக்கி, ஆள் வைத்துத் தள்ளி, திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, வீட்டு ஜன்னல்களிலிருந்து தள்ளி நிறுத்தி, அங்கேதான் முதல் ஸ்டார்ட். படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். சைலன்சர் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், ஷெட்டுக்கு மேல் அறை உள்ள வீட்டில் அது இருக்க வேண்டும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து மருத்துவ உதவி தேடுங்கள்.

ஆகவே இரவு வேலை வேண்டாம். பகலில், திறந்த ஷெட்டில், தூக்கம் கெடாத உடம்போடு செய்யுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெட்டியைப் பிரிக்கும் முன்

நல்லவேளை, இன்னும் பிரிக்கவில்லை. முதலில் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘பந்தயத் தடத்துக்கு மட்டும்’ என்ற மாதிரி வாசகம் இருந்தால், அந்தக் கிட் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு அங்கீகாரம் பெறவில்லை என்று பொருள். திருப்பிக் கொடுக்க இதுதான் சமயம். சாலைக்கு ஏற்றது என்றால் அங்கீகார முத்திரையோ சான்றிதழோ இருக்கும், உதாரணமாக ஐரோப்பிய முறையில் வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருப்பார்கள். அந்தத் தாளைக் காரிலேயே வைத்திருங்கள். நின்ற நிலையில் சத்தம் அளக்கும் வழக்கமான முறையில், குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக் வைப்பார்கள். யாராவது காரை நிறுத்திச் சோதித்தால் இதைத்தான் செய்வார்கள். எவ்வளவு டெசிபல் வரை அனுமதி என்பதை உங்கள் பகுதி வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரண்டி பற்றி நீங்கள் பயப்படுவது போல, வேறு சைலன்சர் போட்ட ஒரே காரணத்தால் கார் முழுவதற்கும் வாரண்டி போய்விடுவது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 1975-ல் வந்த சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: வேறு கம்பெனி உதிரிபாகம் போட்டதைக் காட்டி மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது, பழுதுக்கு அந்த உதிரிபாகம் காரணம் என்றால்தான் மறுக்கலாம். மற்ற நாடுகளில் விதிகள் வேறுபடும், வாரண்டிப் புத்தகத்தில் ‘மாற்றங்கள்’ என்ற பகுதியை ஒரு முறை படித்துவிடுங்கள். நான்கு வருடக் கார் என்பதால் உங்களுக்கு வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நீங்கள் நினைப்பது தவறு. ‘சின்ன மாற்றம்தானே, எதற்குச் சொல்ல வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்து மூலமாகச் சொல்லுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், ஏறாமலும் போகலாம். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு நஷ்டஈட்டை மறுக்க அவர்களுக்கு நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்ததாக ஆகிவிடும்.

கிட்டில் ரெசனேட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீள உருளை மாதிரி, நடுக்குழாயில் வரும், எரிச்சலூட்டும் முழக்கத்தை அடக்குவது அதன் வேலை. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது, 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 துடிப்பு. அந்த அதிர்வெண்ணோடு காரின் உள்ளறை ஒத்துப்போனால் காதுக்குள் ‘ஊம்’ என்று ஒரு முழக்கம் விடாமல் கேட்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் போனால் தலை வலிக்கும், குழந்தை அழும். ஆசையாகப் போட்ட சைலன்சரை இரண்டே மாதத்தில் கழற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் இந்த முழக்கம்தான் காரணம். ரெசனேட்டர் உள்ள கிட்டையே எடுங்கள்.

வேலையின் வரிசை

முந்தின நாள் மாலை, கார் முழுதாக ஆறிய பிறகு, எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் இன்னொரு முறை. ஓடி வந்த காரின் சைலன்சர் ஆறச் சில மணி நேரமாகும், கன்வெர்ட்டர் பக்கம் இன்னும் அதிகம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கீழே படுக்காதீர்கள், துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

ஆறு முனை சாக்கெட்டையே பயன்படுத்துங்கள், பன்னிரண்டு முனை நட்டின் மூலையை வழித்துவிடும். இறுகிய நட்டை ஒரேயடியாகக் கழற்றப் பார்க்காமல், முதலில் ஒரு இழை இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி, இப்படி முன்னும் பின்னுமாக அசைத்தால் துரு தூளாகி வழிவிடும். கன்வெர்ட்டர் பக்க ஃபிளாஞ்சில் (குழாய்கள் சேரும் தட்டு) ஸ்டட் (அதில் பதிந்திருக்கும் போல்ட்) முறிந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். முறிந்த துண்டைத் துளையிட்டு எடுப்பது படுத்துக்கொண்டு கற்றுக்கொள்ளும் வேலை அல்ல.

ரப்பர் ஹேங்கர்கள் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். சோப்புத் தண்ணீர் தடவித் திருகி இழுத்தால் வந்துவிடும். கிரீஸ், எஞ்சின் ஆயில் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பலரும் சிலிக்கான் ஸ்பிரே அடிக்கச் சொல்வார்கள். சிலிக்கான் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கக்கூடியது, அதனால் நான் சோப்போடு நின்றுவிடுவேன்.

பழைய சைலன்சர் பதினைந்து இருபது கிலோ இருக்கலாம், அதோடு கோணல்மாணலான உருவம். கடைசி ஹேங்கரைக் கழற்றும் முன் அடியில் ஆளோ இன்னொரு ஜாக்கியோ தாங்க வேண்டும். சில கார்களில் குழாய் பின் அச்சுக்கு மேலாகச் சுற்றிப் போகும், கழற்றும்போது எங்கோ சிக்கும். ரம்பத்தை எடுக்காதீர்கள். ஆன்டி-ரோல் பாரின் (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) பிடிகளைத் தளர்த்திக் கீழே இறக்கினால் பெரும்பாலும் வழி கிடைக்கும். பழையதை முழுதாக, அறுக்காமல் எடுத்து வைக்க வேண்டும்.

புதியதை முன்னிருந்து பின்னாக, எல்லா மூட்டும் தளர்வாகவே மாட்டுங்கள். முழுவதும் தொங்கிய பிறகு நேர்செய்து, அப்புறம் முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். முதல் மூட்டை உடனே இறுக்கிவிட்டால் கடைசியில் குழாய் முனை பம்பரில் கோணலாக நிற்கும். புது கேஸ்கெட், புது நட்டு, இறுக்கும் அளவு கையேட்டில் உள்ளபடி டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்).

இடைவெளியை நின்று நிதானித்துப் பாருங்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ் குழாய் 2 மீட்டர் நீளத்துக்கு, 300 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 10 மில்லிமீட்டர் நீளும். எஞ்சின் அசையும்போது முழுக் குழாயும் ஆடவும் செய்யும். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், டிரைவ் ஷாஃப்ட், பம்பர் எல்லாவற்றிலிருந்தும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கழற்றிய வெப்பத் தடுப்புத் தகடுகளை ஒன்று விடாமல் திரும்ப மாட்டுங்கள்.

கடைசியாகக் குழாய் முழுவதையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். கைரேகை அப்படியே இருந்தால் சூட்டில் நிரந்தரக் கறையாகிவிடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள், சூடானால் அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயு வரக்கூடும். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் வெண்புகையும் எண்ணெய் வாசனையும் வரும், அது தொழிற்சாலையில் பூசியது. சில நிமிடத்தில் அடங்கிவிடும்.

கசிவு பார்க்க, வெளியே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பி, கனமான கையுறையோடு துணியை வைத்துக் குழாய் வாயை இரண்டு நொடி அடைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள், அடியில் போகாதீர்கள். ‘உஸ்’ என்று எங்காவது கேட்டால் அந்த மூட்டைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் முடியுமா?

எங்கள் மாதிரி ஆட்களுக்கு லிஃப்ட்டில் இரண்டு மணி நேர வேலை. முதல்முறை, தரையில் படுத்துச் செய்பவருக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கழற்றி, ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கள். மாலைக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் குலுக்கிப் பார்க்க மறக்கிறோம், ஜாக்கி இருக்கிறதே என்று கீழே நுழைகிறோம். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேறு வழி ஒன்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுமார் 150 கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஆறிய நிலையில் எல்லா நட்டுகளையும் ஒரு முறை சரிபாருங்கள், சூடாகி ஆறியதில் சில தளர்ந்திருக்கும். இதற்கும் ஸ்டாண்டு, முட்டுக்கட்டை எல்லாம் உண்டு. பழைய சைலன்சரைத் துணி சுற்றி ஷெட்டில் ஒரு மூலையில் வையுங்கள். காரை விற்கும்போதோ ஆய்வுக்குக் கொண்டுபோகும்போதோ அதைத் தேடுவீர்கள்.